வி.ஏ. நம்பர் வேணாம், அண்ணே

அண்ணே,

நம்ம பழைய ஜீப்புக்கு 50 வருசம் முடிஞ்சிருச்சு, வி.ஏ.ங்கற வின்டேஜ் நம்பர் வாங்கிருவோம்னு கேட்டீங்க. அத்தனை பேர் நடுவுல பதில் சொல்ல வாய் வரல. இப்ப எழுதியே சொல்லிர்றேன்: வேணாம். ஆர்.சி. உங்க பேர்ல இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா ஷெட் என்னோடது, கையும் என்னோடது.

ஏன் வேணாம்னா, 2021 ஜூலையில வந்த விதியைப் படிச்சுப் பாருங்க. பதிவாகி 50 வருசம் தாண்டின வண்டிக்கு வி.ஏ. வரிசையில நம்பர் குடுப்பாங்க. 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருசம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. இவ்வளவும் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வரியிலதான் விசயமே. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, வேலை பார்க்க, இதுக்கெல்லாம்தான் ரோட்டுல இறக்கலாம். வழக்கமா ஓட்டக் கூடாது, வாடகைக்கு ஓட்டவே கூடாது. கேரள எல்லையில இருக்கிற போடிமெட்டு ஏறி, பூப்பாறையில டீ குடிச்சிட்டு, சதுரங்கப்பாறைக்கு ஒரு நடை போய்ட்டு வர்றதை எந்த ஆர்.டி.ஓ. கண்காட்சின்னு ஒத்துக்குவார்? செக்போஸ்ட்ல கேரளாக்காரங்க நிறுத்திக் கேட்டா, நம்பர் பிளேட்டே நம்மளைக் காட்டிக் குடுத்துரும்.

பணக்கணக்கும் பெருசா மிச்சமில்ல. இப்ப இருக்கிற நம்பரையே புதுப்பிச்சா, 20 வருசம் தாண்டின காருக்கு 10,000, அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை. பத்து வருசத்துக்கு அதே 20,000தான். பசுமை வரியும் எஃப்.சி. அலைச்சலும் தனி. ஆனா அந்த அலைச்சலைப் பட்டா, வண்டி காட்டுப்பாதையில ஓடுமே.

இன்னொண்ணு. வி.ஏ. கேட்ட அதே வாயால டீசல் என்ஜின் ஏத்திரலாமானும் கேட்டீங்க. ரெண்டும் ஒண்ணா நடக்காது, அண்ணே. சேசிஸ், பாடி, என்ஜின் எதுலயும் பெரிய மாத்தம் இருக்கக் கூடாதுன்னு அதே விதி சொல்லுது. டீசல் போட்டா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும், வி.ஏ.வை மறந்துரணும். கம்பத்துலயும் போடியிலயும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்தற ஜீப்பெல்லாம் டீசலுக்கு மாறினது பிழைப்புக்காக. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். நமக்கு அந்தக் கட்டாயம் என்ன? இந்த ஹரிகேன் என்ஜின் 2.2 லிட்டர், சுமார் 75 குதிரைத்திறன், 2000 ஆர்.பி.எம்.லயே முழு இழுவை. வால்வை சிலிண்டர் ஹெட்டுல ஒண்ணு, பிளாக்குல ஒண்ணுன்னு வச்சதால என்ஜின் உயரமாகி, அதுக்காகவே பேனட்டை உசத்தின மாடல்தான் நம்ம சி.ஜே.3பி. அந்த என்ஜினை எடுத்துட்டா உசந்த பேனட்டுக்கு அடியில என்ன இருக்கும்?

கொண்டை ஊசி வளைவுல வண்டி நின்னுச்சே, அன்னைக்கு டீசல்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரலையே. சித்திரை வெயில், ஏத்தம், பின்னாடி தோட்டத்து ஜீப்புங்க வரிசையா ஆரன் அடிக்குது. ரெண்டு விக்கல், அவ்வளவுதான். "செல்ஃப் அடிக்காத, பேட்டரி செத்துரும்"னு சொல்லிட்டு, முதல்ல பின் சக்கரத்துக்குக் கல் வச்சீங்க. ஹேண்ட்பிரேக்கை நம்பல. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல பின் சீல் கசிஞ்சா எண்ணெய் நேரா ஹேண்ட்பிரேக் டிரம்முலதான் விழும்னு உங்களுக்குத் தெரியும். பேனட்டைத் தூக்கினா, ஏ.சி. கம்பெனி பெட்ரோல் பம்போட கண்ணாடிக் கிண்ணத்துல பெட்ரோல் குமிழ் விட்டுக் கொதிக்குது. சூடான புகை போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிற இடது பக்கமே பம்பும் இருக்கு, மெதுவா ஏறும்போது காத்தும் கிடையாது. ஏலக்காய்ச் சாக்கை நனைச்சு, தண்ணி சொட்டாமப் பிழிஞ்சு, பம்பு மேல மட்டும் சுத்தினீங்க. ஒரு சொட்டு மேனிஃபோல்டுல பட்டாலும் வார்ப்பு விரிசல் விட்டுருமாம். குமிழ் அடங்கற வரைக்கும் யாரையும் பேச விடல. அப்புறம் அடியில இருக்கிற கை லீவரைத் தட்டித் தட்டி கிண்ணத்தை நிரப்பி, "இப்ப அடி"ன்னீங்க. ஒரே சுத்துல பிடிச்சது. தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க கை தட்டினாங்க. உங்க உள்ளங்கை வெந்திருந்ததை மேல போய்த்தான் பார்த்தோம்.

அந்த மனுசன்தான் இப்ப "பெட்ரோல் வண்டி தொல்லைப்பா"ங்கறார். கேட்கவே எரிச்சலா இருக்கு.

தொல்லை இருக்கு, இல்லேன்னு சொல்லல. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் டியூபும் பம்பு டயாஃப்ரமும் ஊறிப் போகுது. டேங்க்ல ஒட்டியிருந்த பழைய பிசினை எத்தனால் கரைச்சுக் கொண்டாந்து, கார்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்னத் துளையான ஜெட்டை அடைக்குது. மாசக்கணக்கா நிறுத்தினா ஈரத்தை இழுத்துத் தண்ணி அடியில தங்கிருது. வைட்டான் உள்பூச்சு டியூப், எத்தனால் தாங்கற டயாஃப்ரம் கிட் போட்டாச்சு. பம்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ஒரு தகடு மறைப்பு வச்சாச்சு. எலெக்ட்ரிக் பம்புதான் வேணும்னு நின்னீங்கன்னா டேங்க் பக்கத்துல 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல போடலாம். அதுக்கு மேல போனா ஊசி வால்வு தாங்காம கார்பரேட்டர் வழிஞ்சிரும். இ20ல பெட்ரோல்-காத்துக் கலவை மெலிஞ்சு ஓடும், சமவெளியில ஜெட் ஒரு சைஸ் பெருசா வேணும். மேல ஏறினா காத்து அடர்த்தி குறைஞ்சு கலவை தானா கொழுக்கும். அதனால ஜெட்டை மாத்திட்டு போடியில பார்த்தாப் பத்தாது, மெட்டுல நிறுத்தி பிளக்கைக் கழட்டிப் பார்க்கணும். கறுப்புப் புகை படிஞ்சிருந்தா பழைய ஜெட்டே போதும்.

வண்டிக்கு யார் எவ்வளவு பணம் போட்டாங்கங்கறதை இங்க எழுதல. நம்ம ஜீப் ஆளுங்க எல்லாரும் படிப்பாங்க, உங்க வீட்டுலயும் படிப்பாங்க. அன்னைக்கு ராத்திரி நீங்க சொன்னதும் இங்க வேணாம்.

இதுல குரலை உசத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க. சொன்ன விசயத்துக்கு இல்ல. நீங்க கொச்சிக்குப் போன பிறகு ஒரு மழைக்காலத்துக்காவது வந்து ஒரு கிரீஸ் நிப்பிளைத் துடைச்சிருந்தா, குரல் உசந்திருக்காது. இதையும் சொல்லியிருக்க வேணாந்தான். விடுங்க.

ஜனவரிப் பயணத்துக்கு வருவோம். கொழுக்குமலைக்கு நம்ம ஜீப்பையே ஓட்டலாம்னு பட்டியல்ல எழுதியிருக்கீங்க. அடிச்சிருங்க. சூரியநெல்லியில வண்டியைப் போட்டுட்டு அந்த ஊர் ஜீப்புல ஏறுவோம். அது தனியார் தோட்டத்துப் பாதை, அவங்க பிழைப்பு. நம்ம வண்டிக்கு ராமக்கல்மேட்டுப் பக்கம் போதும். அனுமதி எங்க வேணும்னு முன்னாடியே கேட்டு வச்சிருங்க. 2018ல குரங்கணித் தீ அத்தனை உயிரைக் குடிச்ச மலை இது, காட்டுக்குள்ள விளையாட்டு வேணாம்.

வர்ற பசங்களுக்கு நீங்களே சொல்லிக் குடுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க. முன் ஆக்சிலைச் சேர்க்காம லோ ரேஞ்சு விழாது, லீவரை இழுத்து உடைக்கக் கூடாது. தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டா முறுக்கேறி லீவர் மாட்டிக்கும். நாலடி ரிவர்ஸ் எடுத்தா விடும், சுத்தியல் தேவையில்ல. முதல் கியருக்கு, ஓடும்போதே கியர் விழ உதவற சிங்க்ரோ கிடையாது, அதனால இறக்கம் தொடங்கும் முன்னாடி, நின்ன இடத்துலயே லோவும் கியரும் விழுந்திருக்கணும். பிரேக் ஒரே சர்க்யூட், ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சா நாலும் போச்சு. கல்லுப் பாதைக்கு டயர் காத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கலாம். டியூப் டயர்ல 15க்குக் கீழ போனா ரிம்முல டயர் நழுவி வால்வைப் பிடுங்கிரும். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 தொண்ணூறு எண்ணெய்தான். ஜி.எல்.5 ஊத்தினா பித்தளை சிங்க்ரோவை அரிச்சிரும்.

முன் சக்கரம் திரும்பற கிங்பின் பேரிங் ஒரு பக்கம் ஆட்டம் இருக்கு, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினா ஸ்டீயரிங் உதறுது. ஆட்டம் குறைய ஷிம் தகட்டைக் கழட்டிட்டேன். நக்கிள் சீல் ரெண்டு செட்டு மட்டும் கொச்சியில தேடி வாங்கிட்டு வாங்க, இங்க கிடைக்கிறது சரியா உட்காரல. ஆர்.சி. புதுப்பிக்க உங்க கையெழுத்து வேணும், படிவம் 25ஐத் தனியா அனுப்பியிருக்கேன். அதுல கையெழுத்து போட விருப்பமில்லேன்னா ஒரு டிரைவரோட வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க. சாவி எங்க தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியும்.