பிள்ளைகளின் முதல் வேட்டைத் துப்பாக்கி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு துப்பாக்கிப் படங்களையும் பார்த்தேன். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே நல்ல ரைஃபிள்தான். ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கும் எட்டு வயதுப் பையனுக்கும் இரண்டுமே பெரியவை.

வளர்கிற பிள்ளைகள்தானே, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறாய். பள்ளிச் சட்டைக்கு அது சரி. துப்பாக்கிக்கு ஆகாது. சுடும் விசையிலிருந்து, தோளில் சாய்க்கிற கட்டையின் பின்முனை வரை உள்ள நீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான ரைஃபிளில் அது ஏறக்குறைய 13½ அங்குலம் இருக்கும். சிறுவர்களுக்கென்று செய்பவற்றில் பெரும்பாலும் 11 முதல் 12½ அங்குலம். நீளம் அதிகமானால் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? எடையைச் சமாளிக்க முதுகை வளைத்துப் பின்னால் சாயும். கட்டை தோளில் நிற்காமல் கைப்பக்கம் வழுக்கும். முகம் ஸ்கோப்புக்கு, அதாவது மேலே மாட்டுகிற குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, எட்டாது. குறி தப்புவது கிடக்கட்டும், குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

அளவு பார்க்க முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அது ஒரு தோராயம், அவ்வளவுதான். கடையில் இப்படிச் செய். தோட்டா இல்லை என்று நீயே போல்ட்டை (தோட்டா அறையைத் திறந்து மூடுகிற தாழ்) திறந்து பார்த்த பிறகு, ஆபத்தில்லாத பக்கமாகப் பிடிக்கச் சொல். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்க்கட்டும். அப்புறம் கண்ணைத் திறக்கட்டும். கழுத்தை நீட்டாமலே குறி நேராகத் தெரிய வேண்டும். பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். விசையில் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை படிய வேண்டும். இதையெல்லாம் வேட்டைக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டோடு பார். மெல்லிய சட்டையில் சரியாக இருப்பது, குளிர் உடுப்பு போட்டால் அரை அங்குலம் நீண்டுவிட்ட மாதிரி ஆகும்.

இரண்டு பேருக்கும் ஒன்றே போதும் என்றால், கட்டையின் முனையில் இடைத்தகடு சேர்த்து நீட்டக்கூடிய மாதிரியாகத் தேடு. வளர வளரத் தகடு சேர்த்துக்கொள்ளலாம். பழைய மரக்கட்டையை அறுத்துச் சிறிதாக்குவதும் உண்டு. அறுத்த துண்டைப் பத்திரமாக வைத்தால் பிறகு திரும்பப் பொருத்தலாம்.

வாங்குவதற்கு முன் எந்தக் கண் ஓங்கியது, அதாவது குறி பார்க்கும்போது எந்தக் கண் முந்துகிறது என்றும் பார்த்துவிடு. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஓங்கியிருந்தால், தொடக்கத்திலேயே இடத்தோளில் பழக்குவது நல்லது என்பது என் எண்ணம். பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

முதல் துப்பாக்கி .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டாவுக்கானதுதான், ஒற்றைத் தோட்டா போடுகிற போல்ட் வகை. சிறுவர்களுக்கான சிலவற்றில் போல்ட்டை மூடிய பிறகும் அதன் பின்னால் உள்ள குமிழைக் கையால் தனியாக இழுத்து வைத்தால்தான் சுடும். பெரியவர்களுக்கு அது எரிச்சல், பிள்ளைக்கு அது நல்ல நிதானம். ஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம், முன்குறியும் பின்குறியும் போதும். முயலுக்கும் அணிலுக்கும் இது சரி. மானுக்கு இது பற்றாது, பல இடங்களில் சட்டமும் விடாது. சின்னத் தோட்டாதானே என்று நினைக்காதே, ஒன்றரை மைல் தூரம்கூடப் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே விடாதே.

மான் வேட்டை பேச்சு பிறகு வரட்டும். வரும்போது .243 வின்செஸ்டர் என்ற தோட்டா நல்ல தொடக்கம். 1955-இல் வந்தது, அதன் உதை (சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னால் இடிக்கிற வேகம்) .308 என்ற பெரிய தோட்டாவின் உதையில் ஏறக்குறைய பாதி. பிள்ளைக்கு என்று மிக இலேசான ரைஃபிளை வாங்கிவிடாதே. எடை குறையக் குறைய உதை கூடும். .22-க்கு உதையே பெரிதில்லை, அதனால் அங்கே இலேசு நல்லது. மானுக்கான துப்பாக்கியில் கொஞ்சம் கனம் இருக்கட்டும், தாங்குகோலில் வைத்துச் சுடலாம். ஒருமுறை பலமாக உதைபட்ட பிள்ளை, அடுத்த தடவை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் போக மாதக்கணக்காகும். குழல் முனையில் பிரேக் என்ற துளையிட்ட மூடியை மாட்டினால் உதை குறையும் என்று கடைக்காரர் சொல்வார். குறையும்தான், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும்.

காது பற்றி எழுதாமல் விட முடியாது. .22 ரைஃபிளே 140 டெசிபெல் அளவுக்குச் சத்தம் போடும். காதுக்குள் அடைப்பான், மேலே மூடி, இரண்டும் போடு. தடித்த மூடி கட்டையில் இடித்துக் கன்னத்தைத் தள்ளிவிடும், மெல்லியதாகப் பார். கண்ணாடியும் வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் எதையும் வாயில் வைக்கலாம். தோட்டாவில் ஈயம் இருக்கிறது, சின்ன உடம்பு அதைப் பெரியவர்களைவிட அதிகமாக உள்வாங்கும்.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், இரண்டு சாவியும் உன்னிடம். எந்த வயதில் எதற்கு அனுமதி, பெரியவர் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தில் பார்த்துவிட்டுத் தொடங்கு.

பெரியவளுக்கு ஜாக்கெட்டோடும் ஜாக்கெட் இல்லாமலும் அளவெடுத்து எழுது, அதற்குள் பணம் கட்டிவிடாதே. சின்னவன் சொன்ன பேச்சைக் கேட்டு ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறான் என்று நீதானே போன மாதம் சொன்னாய். அவனுக்கு இந்த வருடம் வேண்டாம். அக்காவோடு போய்ப் பார்க்கட்டும். அழுதால் போனை அவனிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா