உன் கடிதத்தின் மூன்றாம் பக்கம்

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் தபால் வெள்ளிக்கிழமை வந்தது. மகனுக்கு நியமனம் கிடைத்த செய்தி கேட்டு மனம் குளிர்ந்துவிட்டது. இங்கே மூன்று நாளாக மழை, கடற்பக்க யன்னலைத் திறக்க வழியில்லை. என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போதுதான் கொஞ்சம் பிடிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நுண்கடன், அதாவது ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் கடன், பற்றிய சட்டமூலம் குறித்துப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்ப நீ எழுதிய வரைவை இரண்டு தரம் வாசித்தேன். முதல் இரண்டு பக்கமும் வறுமை, பெண்களின் கண்ணீர், அரசாங்கத்தின் கடமை என்று போகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் உன் பக்கத்து வீட்டு அக்கா மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறாள். செவ்வாய்க்கிழமை காலையில் தவணை வாங்க வருகிறவர் விறாந்தையில் குந்தினால் காசு கைக்கு வரும்வரை எழும்புவதில்லை. அக்கா மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் அயல்வீடுகளுக்குக் கைமாற்றுக் கேட்க அனுப்புகிறாள். கட்டின காசுக்குத் துண்டு கிடையாது, சின்னக் கொப்பியில் ஒரு கையெழுத்து மட்டும். அதை வாசித்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். கடிதத்தை அங்கிருந்து தொடங்கு. முன்னால் உள்ள இரண்டு பக்கத்தையும் துணிந்து வெட்டு. மொத்தம் ஒரே பக்கம் போதும்.

அடுத்த பந்தியில் என்ன வேண்டும் என்று நேராகக் கேள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் நுண்நிதிக் கம்பனிகளுக்குத்தான் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. கடன் மட்டும் கொடுப்பவர்கள் அதன் பிடிக்குள் வருவதில்லை. அக்காவுக்குக் கொடுத்தவர் எந்த வகை என்று விசாரித்துச் சொல். அது தெரிந்தால், சட்டமூலத்தின் எந்த வாசகத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று இலக்கத்தோடு எழுதலாம். ‘ஏழைகளைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போகலாம். ‘ஒவ்வொரு தவணைக்கும் கடன் வாங்கியவரின் மொழியில் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்று சேருங்கள்’ என்று எழுதினால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

யாருக்கு அனுப்புவது என்று கேட்டிருந்தாய். நம் தேர்தல் முறையில் ‘எங்கள் தொகுதி எம்பி’ என்று ஒருவர் இல்லையே. உங்கள் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து பேர். ஐவருக்கும் தனித்தனியே, பெயர் போட்டு எழுது. பொறுப்பான அமைச்சருக்கும், அந்த விடயத்தைப் பார்க்கும் பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழுவின் தலைவருக்கும் கட்டாயம் ஒவ்வொன்று அனுப்பு. எதிர்க்கட்சிக்காரர் சபையில் நன்றாகப் பேசுவார், பேசவும் வேண்டும். ஆனால் குழுநிலையில், அதாவது சட்டமூலத்தை வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டத்தில், நிறைவேறுகிற திருத்தங்கள் பெரும்பாலும் அமைச்சர் கொண்டுவருவதுதான். பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவை இதற்குள் இழுக்காதே. அது தனி ஆளுக்கு நடந்த அநியாயத்துக்கானது, ஓர் உறுப்பினர் மூலமாகத்தான் மனுக் கொடுக்கவும் முடியும்.

நாள் கணக்குத்தான் எனக்குப் பெரிய கவலை. இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வந்தபோது நாங்கள் நாலைந்து பேர் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து எழுதினோம். ஒரு சொல் சரியா பிழையா என்று ஆளுக்காள் இழுத்து, கடிதம் தபாலில் சேரும்போது குழுநிலைத் திருத்தமெல்லாம் முடிந்திருந்தது. 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 வாக்கு என்று நிறைவேறிற்று, பெப்ரவரி 1 அன்று சபாநாயகர் சான்றுரைத்ததும் அது சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க நம் அரசியலமைப்பு இடம் தருவதில்லை. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் நிகழ்ச்சி நிரலில், ஏறியதும் உயர் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆகவே சட்டமூலம் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைச் செய்.

இன்னொன்று. தமிழில் எழுதத் தயங்காதே, தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நம் சட்டங்களின் கடைசிப் பிரிவை ஒருநாள் எடுத்துப் பார். தமிழ் உரைக்கும் சிங்கள உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரைதான் நிற்கும் என்று இருக்கும். அதனால் வர்த்தமானியில் வந்த இரண்டு உரைகளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாசகத்தில் தமிழில் ‘கொடுக்கலாம்’ என்றும் சிங்களத்தில் ‘கொடுக்கவேண்டும்’ என்றும் இருந்தால், அதையே ஒரு தனிக் கடிதமாக எழுதவேண்டும். அமைச்சருக்கும் குழுத் தலைவருக்கும் போகிறதற்குச் சிங்கள மொழிபெயர்ப்பை நான் செய்து தருகிறேன்.

அக்காவின் பெயரைப் போடாதே. ஊரையும் நாளையும் போடு. அந்தக் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துப் பெயரை மறைத்து இணைக்கலாம், ஆனால் முதலில் அவளிடம் கேள். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு, நீ கண்டதை உன் வார்த்தையில் எழுது. உன் முகவரியும் தொலைபேசி இலக்கமும் கடைசியில் தெளிவாக இருக்கட்டும். மூன்று கிழமையில் பதில் வராவிட்டால் முதல் கடிதத்தின் திகதியைச் சொல்லி மறுபடி எழுது. எல்லாவற்றையும் பதிவுத்தபாலில் போட்டுத் துண்டுகளைப் பத்திரமாக வை.

புதிய வரைவை வியாழனுக்குள் அனுப்பினால் சனிக்கிழமைக்குள் சிங்களத்தில் முடித்துவிடுவேன். உன் தங்கை அடுத்த கிழமை கொழும்புக்கு வருகிறாள் என்றாயே, அவளிடம் கொடுத்துவிட்டாலும் சரி. அப்புறம், ஒரு சட்டி எருமைத் தயிரும் கொடுத்துவிடு. இங்கே கடையில் வாங்குவது வாயில் வைக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைச் சிநேகிதி