குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பாதுகாப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடுதல் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றவரை முழுச் சம்மதம். ஆனால், தினமும் மாலையில் குழந்தையைத் துருவித் துருவிக் கேளுங்கள் என்ற யோசனை என்னைக் கலங்கடித்தது. பல ஆண்டுகள் அங்கன்வாடியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூன்று வயதுப் பிள்ளைகூடத் தனக்கு நடந்ததை மாதக்கணக்கில் மறக்காது. "என்ன நடந்துச்சு கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் இரண்டு வாக்கியம் சொல்லும். பெரும்பாலும் அந்த இரண்டும் சரியாகவே இருக்கும். நமக்குத்தான் அது போதவில்லை. "வேன் அங்கிள் கிள்ளினாரா? எங்க, இங்கயா? அழுதியா?" என்று அடுக்குகிறோம். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நம்புகிற வயது அது. ஹியூஸ், கிரீவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் 'பால் தண்ணீரைவிடப் பெரியதா?' என்று கேட்டுப் பார்த்து 1980இல் எழுதினார்கள். கேள்வியே அர்த்தமற்றது, ஆனாலும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டாலோ, முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பதிலையே மாற்றிவிடும் பிள்ளைகள் உண்டு.

1995இல் அமெரிக்காவில் லைக்ட்மன், செசி என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும். சாம் ஸ்டோன் என்ற பெயரில் ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்து இரண்டே நிமிடம் இருந்துவிட்டுப் போனார். எதையும் தொடவில்லை. ஒரு பிரிவுக் குழந்தைகளிடம், அவர் எதையும் போட்டு உடைப்பவர் என்று முன்பே கதை சொல்லியிருந்தார்கள். அவர் போன பிறகு, புத்தகத்தைக் கிழித்தார், கரடி பொம்மையை அழுக்காக்கினார் என்பதுபோல அதே பிரிவினரிடம் பத்து வாரங்களில் நான்கு முறை கேள்வி கேட்டார்கள். கடைசியில் புதியவர் ஒருவர் வந்து கேட்டபோது, அந்தப் பிரிவின் மூன்று நான்கு வயதினரில் 46 சதவீதம் பேர் தாங்களாகவே அந்தப் பழியைச் சொன்னார்கள். குறிப்பாகக் கேட்டபோது அது 72 சதவீதம் ஆனது. வெறுமனே கேட்கப்பட்ட பிரிவில் ஒரு குழந்தையும் தானாக அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் பதில் சொன்ன வீடியோக்களைப் பார்த்த நிபுணர்களாலேயே எந்தக் குழந்தை சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதை வைத்து 'பிள்ளைகள் புளுகும்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அப்படிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அந்தக் குழந்தைகள் பொய் சொல்லவில்லை; பெரியவர்கள் ஊட்டியதைச் சொன்னார்கள், சிலர் அதைத் தங்கள் ஞாபகமென்றே நம்பினார்கள். உண்மையில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் இதனால் பெரிய நஷ்டம். பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்று பள்ளியை நடத்தியவர்கள் மீது கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1990இல் யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. பிள்ளைகளைக் கேட்ட விதத்தால் அவர்கள் சொன்னதை நம்ப முடியவில்லை என்று நடுவர் குழுவினரே சொன்னார்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் நம் போக்சோ சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியமட்டும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. சாட்சி சொல்லக் குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது என்கிறது 33ஆம் பிரிவு. சென்னையில் நடப்பதோ வேறு. அந்த அதிகாரி வருவதற்குள் அம்மா, பாட்டி, கிளாஸ் டீச்சர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் என்று எல்லாரும் கேட்டு முடித்திருப்பார்கள். யாரோ ஒருவர் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "இதை யார் சொல்லிக்கொடுத்தது பாப்பா?" என்ற ஒரே கேள்வியை நீதிபதி வழியாகக் கேட்டு வழக்கை உடைத்துவிடுவார்.

குழந்தை ஏதாவது சொன்னால் பதறாமல், "அப்புறம்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே, நாம் கேட்டதையும் சேர்த்து, தேதி நேரத்தோடு எழுதிவைத்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம். மிச்சத்தைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இந்த விவரத்தையும் 24ஆம் பிரிவையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பெரம்பூர், சென்னை.