கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்

பெங்களூர் பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

பதினேழு வருடமாக இந்த ஊரில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் எடுக்கிறேன். எம்.டெக். முடித்த கையோடு வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். எப்படிக் கற்பிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இன்று புதிதாகச் சேர்பவர்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ எட்டுப் பகுதிப் பயிற்சி வைத்திருக்கிறது, நல்ல விஷயம். எங்களைப் போன்றவர்களுக்கு எஃப்டிபி எனும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிதான். ஐந்து நாள் ஆன்லைனில் உட்காருகிறோம், க்விஸ் எழுதுகிறோம், சர்ட்டிஃபிகேட்டை அப்ரைசல் ஃபைலில் சேர்க்கிறோம். திங்கட்கிழமை வகுப்பு பழையபடியே நடக்கிறது.

என்னை மாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம். எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருக்கும் சேலத்து அக்கா ஒருவர் மூன்று வருடம் முன்பு என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேன்டீனில் அதை நீட்டினார். "தம்பி, 55 நிமிஷத்துல 11 தடவை 'புரியுதா'ன்னு கேட்டீங்க. ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிக்கல."

கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், மூன்று நொடி பொறுத்தாலே மாணவர்களின் பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். எனக்கு அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் ஒரு கேள்வி போட்டேன். மேலே எறிந்த பந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றை விட்டுவிட்டால் அதன்மேல் என்னென்ன விசை? வாயை மூடிக்கொண்டு வரையவிட்டேன். கீழ்நோக்கிப் புவியீர்ப்பு மட்டும்தான் சரியான விடை. பாதிப் பேர் மேல்நோக்கியும் ஓர் அம்பு போட்டிருந்தார்கள். இன்டர்னல்ஸில் 50க்கு 46 வாங்கிய பெண்ணும்தான். "கை குடுத்த ஃபோர்ஸ் கூடவே போகுது சார்" என்றாள். பக்கத்தில் இருந்தவன் மறுத்தான். தமிழும் கன்னடமும் தெலுங்குமாக வகுப்பே வாதாடியது. அந்த அம்பை அழித்தது அவளேதான், நான் அல்ல.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரையில், விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 34 சதவீதம் பேர் தோற்றார்கள். தாங்களே ஈடுபட்டுக் கற்றவர்களில் 22 சதவீதம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரம் ஒரு பீரியடை ஒர்க்லோடிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் இன்னொருவர் வகுப்பில் போய் உட்காரட்டும், பிறகு இருவரும் பேசட்டும். அங்கே எழுதிய குறிப்பை மட்டும் தயவுசெய்து அப்ரைசலுக்குக் கேட்காதீர்கள். கேட்டால் அந்த அக்கா '11 தடவை' என்று எழுதியிருக்க மாட்டார்.