கோடு வரைக்கும்

பிலடெல்பியா,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. இங்கே பனி நின்ற 6 மணி நேரத்துக்குள் அவரவர் வீட்டு முன்னால் நடைபாதையில் மூன்றடி அகலத்துக்கு வழி பண்ணிவிட வேண்டும், அது சட்டம். நடைபாதை உடைந்தாலும் வீட்டுக்காரர் செலவுதான். அதனால் ஒவ்வொரு வாசலிலும் சிமெண்ட் ஒவ்வொரு நிறம். நான் பனியை அள்ளிக்கொண்டே போய், நிறம் மாறுகிற கோட்டில் நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வாசலில் பனி அப்படியே கிடக்கிறது. ஒரு காலடித் தடம்கூட இல்லை. அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அப்பா. பையைப் படியில் வைத்துவிட்டு அள்ள ஆரம்பித்தேன். கதவைத் திறந்தவர், "நீ எந்த வீடும்மா?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன்.

இதற்கு இங்கே 'பிரைவேட்டிசம்' என்று ஒரு சொல் உண்டு. சாம் பாஸ் வார்னர் என்ற வரலாற்றாசிரியர் 1968-ல் இந்த ஊரின் கதையையே அதை வைத்துத்தான் சொன்னார். என் குடும்பம், என் சம்பாத்தியம், அதில்தான் என் சந்தோஷம். அப்படிப் பிழைக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் ஊருக்கு அது போதும் என்கிற மனசு. சுயநலம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம் எப்போது, சம்பளம் எவ்வளவு என்று யாருமே கேட்காத அந்த முதல் வருஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ஆனால் 1793-ல் இங்கே மஞ்சள் காய்ச்சல் வந்தது. சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் சில மாதத்துக்குள் சுமார் 5,000 பேர் செத்துப்போனார்கள். கொசுதான் காரணம் என்று அன்றைக்குத் தெரியாது. அழுக்கையும் கெட்ட தண்ணீரையும் சந்தேகப்பட்டார்கள். அதுவரை வீட்டுக் கிணறு, தெருப் பம்பு என்று காலம் தள்ளியவர்கள் ஊர்ப் பணத்தில் ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1801-ல் தண்ணீர் ஓடியது. அத்தனை சாவு விழுந்த பிறகுதான் அவரவர் வாசலைத் தாண்டி யோசிக்க முடிந்தது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குளம் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள், இல்லாவிட்டால் பணம் என்று முடிவானதாக எழுதியிருந்தீர்கள். முக்கால்வாசிப் பேர் பணம்தான் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நம் வீட்டுப் பங்கை நான் அனுப்புவதாக இருந்தேன். இப்போது அனுப்பக் கை வரவில்லை. சித்திரையில் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை வேலையை ஒத்திப்போட முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் வந்து மண் சுமக்கிறேன்.

தண்ணீர் இப்போது எத்தனையாவது படியில் நிற்கிறது?

உங்கள் அன்பு மகள்