மழை எச்சரிக்கை பகிர்வோர் கவனத்துக்கு
உறுப்பினர்களுக்கு வணக்கம். நேற்றிரவு இந்தக் குழுவில் பரவிய 'ரெட் அலர்ட்' (சிவப்பு எச்சரிக்கை) அறிவிப்புப் படம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. அதை நம்பிப் பாதிப் பேர் பால் பாக்கெட் வாங்க ஓடிவிட்டார்கள், நானும்தான். ஆகவே குழு விதியை மாற்றுகிறோம்: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையை மட்டும், அது வெளியான தேதியும் நேரமும் தெரியும்படி பகிருங்கள்.

எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்திருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். நிறம் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை, பாதிப்பையும் கணக்கில் கொள்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை.

பெற்றோருக்கு: சிவப்பு வந்தாலே பள்ளி விடுமுறை ஆகிவிடாது. அதை மாவட்ட ஆட்சியர் அறிவிக்க வேண்டும். பிள்ளைகள் அறிவித்தால் செல்லாது.