அட்டைக்கு அடங்காத பாட்டுப் பெயர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ஓய்வாக இரு என்றார்கள். அந்த ஓய்வில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் நீ திட்டுவாய்.

பரணில் இருந்த கேசட் பெட்டியை இறக்கினேன். நாம் இருவரும் பதிந்தவை மொத்தம் நாற்பத்து மூன்று. டேப் எல்லாம் ஓரளவு நன்றாகவே ஓடுகிறது. டப்பாவுக்குள் செருகும் பாட்டுப் பட்டியல் அட்டைகள்தான் போய்விட்டன. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது, மீதியில் மை வெளுத்துவிட்டது. சரி, புதிதாக அச்சடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோரும் செய்வது போல டைப் அடிக்கும் மென்பொருளில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது அட்டையிலேயே அலுத்துப்போனது. அட்டையின் முதுகு அரை மில்லிமீட்டர் அதிகம் என்று தெரிந்தால் எல்லா அட்டையிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். அப்போதுதான் டெக் (TeX) என்ற எழுத்துக்கோப்பு மென்பொருள் நினைவுக்கு வந்தது. நீ கணக்கு வாத்தியார், வினாத்தாளுக்குப் பயன்படுத்தியிருப்பாய். 1977இல் டொனால்ட் கனூத் தன் புத்தகத்தின் அச்சுப்படியைப் பார்த்து மனம் நொந்து, எழுத்துக்கோப்பை நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்பினாரே, அதன் விளைவு. டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடி, பை (π) என்ற கணித எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறது என்பது உனக்குப் பிடிக்கும்.

அதில் மாக்ரோ என்பது ஒரு பெயருக்குப் பின்னால் ஒளித்துவைத்த வேலைப்பட்டியல். 'அட்டை' என்று ஒன்று எழுதினேன். தலைப்பு, தேதி, ஏ பக்கம், பி பக்கம் என்று நான்கைக் கொடுத்தால் போதும். கோடு, மடிப்புக் குறி, முதுகு எழுத்து எல்லாம் தானே வரும். அளவுகள் மேலே ஒரே இடத்தில் இருக்கின்றன: உயரம் 101.6 மில்லிமீட்டர், முகப்பு 65, முதுகு 12.7, பின்னால் மடங்கும் சின்ன நாக்கு 16. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருப்பதால் ஜே கார்டு என்பார்கள். முகப்பிலேயே பாட்டுப் பட்டியல்தான், படம் கிடம் கிடையாது. நம் அட்டைகளில் என்றைக்குப் படம் இருந்தது?

விரித்தால் அட்டை ஏறக்குறைய 94க்கு 102. ஏ4 தாளில் இரண்டு வரிசையாக ஆறு அடங்கும், ஆனால் இரு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. என் அச்சுப்பொறி தாளின் ஓரத்தில் நான்கைந்து மில்லிமீட்டரைத் தொடவே தொடாது. எழுத்து தப்பிவிடும், வெட்டுக்கோடுதான் காணாமல் போகும். கோடு இல்லாமல் கத்தரி பிடிக்க இந்தக் கண்ணோடு முடியாது. அதனால் அட்டையைத் திருப்பிப் போட்டுத் தாளுக்கு நான்கோடு நிறுத்திக்கொண்டேன். முதல் தாளில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற டிக்கை எடுக்க மறந்ததில் எல்லாமே நூற்றுக்கு மூன்று சுருங்கி, அட்டை டப்பாவுக்குள் தொளதொளவென்று ஆடியது. முதுகு எழுத்தைத் திருப்பும்போது 90 டிகிரியை எதிர்ப்பக்கம் போட்டது இன்னொரு கூத்து.

பாட்டின் பெயருக்கும் நேரத்துக்கும் நடுவே புள்ளி வரிசை கேட்டேன். அதிலேயே இருக்கும் புள்ளி நிரப்பி ஒவ்வொரு வரியிலும் புள்ளிகளை நடுவில் குவிக்கிறது, அதனால் மேலும் கீழும் நேராக நிற்கவில்லை. 'லீடர்ஸ்' என்ற அடிப்படைக் கட்டளைக்கு மாறியதும் எறும்பு வரிசை மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இதற்கு ஒரு மாலை போயிற்று. போகட்டும்.

உண்மையான தகராறு பெயர்களோடுதான். ஓரம் விட்டது போக 59 மில்லிமீட்டர். தமிழ் எழுத்தோ தாராளமாக இடம் எடுப்பது. பெயர் நீளமானால் டெக் நெருக்காது. 'ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்', அதாவது வரி நிரம்பி வழிகிறது என்று, எத்தனை பாயிண்ட் (அச்சு அளவு) மிஞ்சுகிறது என்பதோடு முறையிட்டுவிட்டு, வரியை அப்படியே கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும். முதல் நாள் அந்த முறையீடு முப்பதுக்கு மேல். பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். நீ என்ன செய்திருந்தாய் தெரியுமா? முதல் பாதியைச் சாவகாசமாக எழுதிவிட்டு, ஓரம் நெருங்கியதும் எழுத்துகளை ஒல்லியாக்கி, கடைசி எழுத்தின் காலை மேலே தூக்கி முடித்திருக்கிறாய். ஒரு வரிகூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஆகவே மாக்ரோவுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன்: பெயரை முதலில் ஒரு பெட்டிக்குள் போட்டு அள, அகலம் மிஞ்சினால் மட்டும் அகலவாட்டில் சுருக்கு. அந்த மாக்ரோவுக்கு உன் பெயரையே வைத்திருக்கிறேன்.

பக்கத்துக்கு மொத்த நேரம் கூட்டவும் ஒன்று எழுதினேன். அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் ஏ பக்கம் 31 நிமிடம் 10 விநாடி என்றது. கூட்டலில் தவறு என்று நினைத்து மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன், சரிதான். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் எழுபது விநாடி என்றால் மூன்று மீட்டருக்கு மேல் டேப் கூடுதல். அந்த மிச்சத்தில் ஒரு பாட்டின் தொடக்கத்தைத் திணித்திருக்கிறாய். பல்லவி முடிந்து சரணம் தொடங்கி, பாதியில் டக்கென்று நின்றுவிடுகிறது. அப்படிப் பாதியில் நிற்பவை மொத்தம் ஒன்பது. நேரத்துக்குப் பதிலாக அரைவட்டம் போடும் 'பாதி' என்றொரு மாக்ரோ அவற்றுக்காகவே. முழுப்பாட்டு எங்கும் கிடைக்கிறதே என்பாள் என் மகள். எனக்கு இப்போதும் அந்த இடத்தில் நின்றால்தான் பாட்டு முடிந்த மாதிரி இருக்கிறது.

இத்துடன் பதினேழாம் எண் கேசட்டின் அட்டையை மடிக்காமல் வைத்திருக்கிறேன். 160 ஜிஎஸ்எம், சற்றுத் தடித்த தாள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் மடிப்புக் கோட்டை ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு மடி, வெடிக்காது. பி பக்கத்தில் மூன்றாவது வரி காலி. அந்தப் பாட்டு நடுவிலிருந்து தொடங்குகிறது, பழைய அட்டையில் அந்த இடத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. என்ன பாட்டென்று உனக்குத்தான் தெரியும். அச்சடிக்கப் போவதில்லை, நீயே பேனாவால் எழுதி அனுப்பு. 59 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, வழக்கம்போல நெருக்கிக்கொள்.

உன் அன்பு நண்பன்